கால் படாத கால்பந்து

ஐரோப்பாவில் அமெரிக்க ஆட்டத்தை வாழவைத்தவை சிற்றூர்க் கிளப்புகள். கோடிகளைக் கொட்டிய லீக்குகள் வந்த வேகத்தில் போய்விட்டன. இந்தியாவும் 2012ல் ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டது. 2028 ஒலிம்பிக் நெருங்கும் வேளையில் அந்த அனுபவம் உதவுமா?

வதூஸ், லீக்டென்ஸ்டைன் என்ற குட்டி நாட்டின் தலைநகர். 2012ல் அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகை 40,000-ஐக்கூட எட்டவில்லை. அந்த ஆண்டு ஜூலையில் அங்குள்ள ரைன்பார்க் அரங்கில் ஐரோப்பாவின் அமெரிக்கக் கால்பந்துக் கிளப்புகளுக்கான இறுதிப் போட்டி நடந்தது. போட்டியின் பெயர் யூரோபௌல். ஒரு பக்கம் அதற்கு முன் நான்கு முறை பட்டம் வென்றிருந்த வியன்னா வைக்கிங்ஸ். இன்னொரு பக்கம் எல்லைக்கு அப்பால் இருந்து வந்த கலாண்டா பிராங்கோஸ்.

கலாண்டா என்பது ஸ்விட்சர்லாந்தின் கிராபுன்டன் மாநிலத்தில் உள்ள ஒரு மலை. அந்த மலையடிவாரத்து ஊர்களின் கிளப்தான் பிராங்கோஸ். ஆல்ப்ஸ் மலைச் சிற்றூர்க்காரர்கள், பெருநகரமான வியன்னாவின் அணியை 27-14 என்ற கணக்கில் வீழ்த்திக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஐரோப்பிய விளையாட்டுப் பக்கங்களுக்கு வெளியே இது பெரிய செய்தியாகவில்லை. ஆனால் ஓர் ஆட்டம் எப்படி வேர் பிடிக்கிறது, எங்கே பட்டுப்போகிறது என்று அறிய விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சடுகுடு தெரிந்தவருக்குப் புரியும்

முதலில் ஆட்டம். பெயர்தான் கால்பந்து, பந்தில் கால் படுவது அபூர்வம். இரு முனையும் கூரான பந்து. அணிக்கு 11 பேர். தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து, 100 கஜ நீள மைதானத்தில் மோதுகிறார்கள். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் குறைந்தது 10 கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு வாய்ப்புகள். தவறினால் பந்து எதிரணிக்கு. எதிரணியின் எல்லைக் கோட்டைப் பந்தோடு கடந்தால் 6 புள்ளிகள்.

சடுகுடு ஆடிய எவருக்கும் இதன் சாரம் சட்டென்று பிடிபடும். நிலம் பிடிப்பதுதான் ஆட்டம். ஓடி வருகிறவனைக் கூடி மடக்குவதுதான் தற்காப்பு. சடுகுடுவில் பாடிப் போனவன் திரும்பி வர வேண்டும். இதில் திரும்பவே கூடாது. வித்தியாசம் செலவில்தான். சடுகுடுவுக்கு ஒரு கோடும் கொஞ்சம் மண்ணும் போதும். அமெரிக்க ஆட்டத்துக்கு ஒவ்வொருவருக்கும் கவசம் வேண்டும், பெரிய மைதானம் வேண்டும், பயிற்சியாளர் பட்டாளம் வேண்டும். காயமடைகிறவர்களுக்கு மாற்றாக நிறைய ஆட்களும் வேண்டும்.

இவ்வளவு செலவு பிடிக்கும் ஆட்டத்தை, அது தோன்றாத ஒரு கண்டத்தில் யார் தாங்குவது?

வேலை முடிந்து பயிற்சி

ஐரோப்பாவில் தாங்கியது கிளப்புகள். ஜெர்மனியில் 1970களின் கடைசியில் பிராங்ஃபர்ட், டுசல்டார்ஃப், பெர்லின் நகரங்களில் முதல் அணிகள் முளைத்தன. அமெரிக்க ராணுவ முகாம்கள் பக்கத்தில் இருந்தது ஒரு காரணம். ஆனால் படைவீரர்கள் ஊர் மாறிப் போன பிறகும் உள்ளூர் இளைஞர்கள் விடவில்லை. 1986ல் ஆம்ஸ்டர்டாமில் முதல் யூரோபௌல் நடந்தபோது கோப்பையை வென்றது பின்லாந்தின் வான்டா நகர அணியான டாஃப்ட். இத்தாலியின் பொலோனா டவ்ஸ் அணியை அது 20-16 என்று தோற்கடித்தது.

அதற்குப் பிறகு கோப்பை ஊர் ஊராகச் சுற்றியது. 1990ல் மான்செஸ்டர் ஸ்பார்டன்ஸ், 1991ல் பெர்லின் ஆட்லர், 1993லும் 1994லும் லண்டன் ஒலிம்பியன்ஸ், 2000 முதல் 2002 வரை இத்தாலியின் பெர்கமோ லயன்ஸ், 2004 முதல் 2007 வரை தொடர்ந்து நான்கு முறை வியன்னா வைக்கிங்ஸ். இவர்களில் பெரும்பாலோருக்கு ஆட்டம் தொழிலாக இருந்ததில்லை. பகலில் வேலை அல்லது படிப்பு. மாலையில் பயிற்சி. சந்தா கட்டி ஆடியவர்களும் உண்டு. கிளப்பின் கீழே சிறுவர் அணி, இளையோர் அணி, உற்சாகப்படுத்தும் பெண்கள் குழு எல்லாம் இயங்கும். மகன் ஆடுவான்; அப்பா கோடு போடுவார்; அம்மா டிக்கெட் கிழிப்பார்.

பணம் எங்கிருந்து வந்தது? உள்ளூரிலிருந்துதான். ஆஸ்திரியாவின் டிரோல் மலைப் பகுதியைச் சேர்ந்த ரெய்டர்ஸ் அணி 2008, 2009, 2011 ஆண்டுகளில் யூரோபௌல் வென்றது. அதன் பெயருக்கு முன்னால் ஸ்வார்கோ என்ற சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதே மலைப் பகுதியில் போக்குவரத்து சிக்னல் சாதனங்களும் சாலைக் குறியீட்டுக்கான பொருட்களும் தயாரிக்கும் நிறுவனம் அது. பிரௌன்ஷ்வைக் நகர லயன்ஸ் அணி அந்த ஊர்த் துணிக்கடை நிறுவனத்தின் பெயரைச் சுமந்து 'நியூயார்க்கர் லயன்ஸ்' ஆனது.

அமெரிக்கர்களே இல்லாமல் நடந்தது என்று சொல்ல முடியாது. கல்லூரி ஆட்டம் முடித்து, தாய்நாட்டின் பெரிய லீக்கில் இடம் கிடைக்காத இளைஞர்களை இந்தக் கிளப்புகள் ஒரு பருவத்துக்கு வரவழைக்கும். தங்க ஓர் அறை, கைச்செலவுக்குப் பணம், கூடவே சிறுவர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பு. களத்தில் ஒரே நேரத்தில் இத்தனை அமெரிக்கர்களுக்கு மேல் கூடாது என்று லீக்குகள் வரம்பு வைத்தன.

பாலக்காடு, மலப்புரம் பக்கத்தில் செவன்ஸ் கால்பந்து பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. அறுவடை முடிந்த வயலில் விளக்குப் போட்டு, அணிக்கு ஏழு பேராக ஆடும் செவன்ஸில், நைஜீரியா, கானா நாட்டு ஆட்டக்காரர்கள் ஒரு பருவத்துக்கு வந்து இறங்குவார்கள். 2018ல் வந்த 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' என்ற மலையாளப் படம் அப்படி வந்த ஒருவரின் கதைதான். பாலக்காடு மாவட்டத்து அல் மதீனா செர்ப்புளசேரி அணிக்கு வெளிநாட்டவர் ஆடினாலும் அணி செர்ப்புளசேரியுடையது. டுசல்டார்ஃபுக்கும் இன்ஸ்ப்ருக்குக்கும் இதே கணக்குத்தான்.

இந்தக் கிளப்புகள் என்ன சாதித்தன என்பதற்கு ஒரு சாட்சி செபாஸ்டியன் வோல்மர். டுசல்டார்ஃப் பான்தர் கிளப்பின் இளையோர் அணியில் ஆட்டம் கற்ற ஜெர்மானியர். அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போய், 2009ல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியில் சேர்ந்தார். சூப்பர் பௌல் வென்ற அணியில் இடம்பெற்றார். இன்னொருவர் மோரிட்ஸ் போரிங்கர். சுமார் 40,000 பேர் வாழும் ஷ்வேபிஷ் ஹால் என்ற ஊரின் யூனிகார்ன்ஸ் அணியில் ஆடியவர். அமெரிக்கக் கல்லூரிப் பக்கமே போகாமல், 2016ல் நேராக மினசோட்டா வைக்கிங்ஸ் அணிக்குத் தேர்வானார்.

மேலிருந்து வந்த லீக்

இதற்கு இணையாக இன்னொரு கதையும் ஓடியது. அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்., 1991ல் தன் சொந்தச் செலவில் ஐரோப்பாவில் கடை விரித்தது. முதல் இறுதிப் போட்டியில் லண்டன் மோனார்க்ஸ் அணி பார்சலோனா டிராகன்ஸை 21-0 என்று வென்றபோது வெம்ப்ளி அரங்கில் 61,000 பேர் கூடியிருந்தார்கள். அமெரிக்க முதலாளிகளுக்கு அது சொர்க்கம் போலத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டே பருவம். 1992க்குப் பிறகு லீக் நின்றது. 1995ல் ஐரோப்பிய அணிகளுடன் மட்டும் திரும்ப வந்தது. பிறகு என்.எஃப்.எல். ஐரோப்பா என்று பெயர் மாறியது. லண்டன் போனது, பார்சலோனா போனது, ஸ்காட்லாந்து போனது. கடைசியில் மிஞ்சிய ஆறு அணிகளில் ஐந்து ஜெர்மனியில் இருந்தன. 2007 ஜூனில் பிராங்ஃபர்ட்டில் இறுதிப் போட்டி நடந்தபோதும் 48,000 பேர் வந்தார்கள். ஹாம்பர்க் சீ டெவில்ஸ் வென்றது. ஒரு வாரத்துக்குள் லீக்கையே மூடிவிட்டதாக அமெரிக்காவிலிருந்து அறிவிப்பு வந்தது. ஆண்டுக்கு 3 கோடி டாலர் வரை நஷ்டம் என்று பத்திரிகைகள் எழுதின.

48,000 பேர் கூடிய ஊரில் அணி ஏன் நிலைக்கவில்லை? காரணம், அது அந்த ஊருக்குச் சொந்தமாக இல்லை. அமெரிக்க அணிகளில் இடம் கிடைக்காதவர்களைப் பட்டை தீட்டும் பட்டறையாகவே என்.எஃப்.எல். அதை நடத்தியது. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள். பருவம் முடிந்ததும் விமானம் ஏறிவிடுவார்கள். கணக்கு ஒத்து வராதபோது தலைமையகத்தில் ஒரு கையெழுத்தோடு எல்லாம் முடிந்தது. அதே ஆண்டு வியன்னா வைக்கிங்ஸ் தன் நான்காவது யூரோபௌலை வென்றது.

கிளப் என்றால் சாகாவரம் என்று அர்த்தமில்லை. 1996 முதல் 1998 வரை மூன்று முறை கோப்பை வென்ற ஹாம்பர்க் புளூ டெவில்ஸ் பின்னாளில் உயர்மட்ட லீக்கை விட்டே விலக நேர்ந்தது. 2021ல் எட்டு அணிகளோடு தொடங்கிய ஐரோப்பியன் லீக் ஆஃப் ஃபுட்பால், பழைய என்.எஃப்.எல். ஐரோப்பா அணிகளின் பெயர்களை உயிர்ப்பித்து வேகமாக வளர்ந்து 2023ல் 17 அணிகளைத் தொட்டது. அதே பருவத்தின் நடுவில் லைப்சிக் கிங்ஸ் பணமில்லாமல் மடிந்தது. வளரும் வேகம் ஊரின் சக்தியை மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு அது எச்சரிக்கை.

புணேயும் கொழும்பும்

என்.எஃப்.எல். ஐரோப்பாவின் பட்டறையில் தேறி வந்தவர்களில் புகழ்பெற்றவர் கர்ட் வார்னர். அயோவாவில் மளிகைக் கடையில் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தவர், 1998ல் ஆம்ஸ்டர்டாம் அட்மிரல்ஸ் அணிக்கு ஆடினார். 2000 ஜனவரியில் சூப்பர் பௌல் ஆட்டநாயகன் ஆனார். அதே வார்னரின் பெயர் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவோடு சேர்த்துப் பேசப்பட்டது.

2011 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட எலீட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா என்ற அமைப்பின் முதலீட்டாளர்களில் அவரும் ஒருவர். புகழ்பெற்ற பயிற்சியாளர் மைக் டிட்கா, நடிகர் மார்க் வால்பெர்க், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஆட்டக்காரர் பிராண்டன் சில்லர் ஆகியோரும் பட்டியலில் இருந்தார்கள். எட்டு அணிகள். புணே, தில்லி, மும்பை, கோவா, பெங்களூர், ஐதராபாத், கொல்கத்தா. எட்டாவது அணி கடல் கடந்து கொழும்பிலிருந்து: கொழும்பு லயன்ஸ். தெற்காசியாவில் அமெரிக்கக் கால்பந்துக்கு நாடு கடந்த கிளப் போட்டி என்று ஒன்று நடந்தது என்றால் அது இதுதான். சென்னைக்கும் கேரளத்துக்கும் இடமில்லை.

ரக்பி, கபடி, தடகளம் என்று வெவ்வேறு களங்களிலிருந்து இளைஞர்கள் திரட்டப்பட்டார்கள். பலர் அந்த வடிவப் பந்தையே அதற்கு முன் தொட்டதில்லை. மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்து, கவசம் மாட்டி, களத்தில் இறக்கினார்கள். 2012ல் முதல் பருவம். இறுதிப் போட்டியில் புணே மராட்டாஸ் தில்லி டிஃபெண்டர்ஸை 6-0 என்று வென்றது. ஒரே ஒரு முறை எல்லைக் கோட்டைத் தாண்டியதுதான் மொத்தக் கணக்கு. ஆட்டம் எவ்வளவு பச்சையாக இருந்தது என்பதை அந்த எண்ணே சொல்லும். ஆனால் புதிதாகக் கற்றவர்களிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. இந்த ஆட்டத்தில் தற்காப்புதான் முதலில் கைவரும்.

குறை ஆட்டக்காரர்களிடம் இல்லை, ஏற்பாட்டில் இருந்தது. அணிகளுக்கு ஊர்ப் பெயர் இருந்தது. அந்த ஊரில் ஆட்டம் இல்லை. போட்டிகள் ஓரிரு மைதானங்களில் மொத்தமாக நடத்தப்பட்டு, முன்கூட்டியே படம்பிடிக்கப்பட்டு, பிறகு டென் ஸ்போர்ட்ஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. கொல்கத்தாக்காரர் தன் அணியை நேரில் பார்க்க வழியில்லை. தெருவில் அதை ஆடும் சிறுவன் இல்லை. தோற்றால் வருத்தப்பட ஆளில்லை. அடுத்த ஆண்டே தொடர்ந்திருக்க வேண்டிய லீக் அப்படித் தொடரவில்லை. மலையடிவாரத்து பிராங்கோஸ் வதூஸில் கோப்பை வென்ற அதே 2012ல்தான் இதுவும் நடந்தது.

இந்தியாவுக்கு இது முதல் அனுபவமும் அல்ல. 1870களில் கல்கத்தாவில் ஆங்கிலேயர்கள் ரக்பிக் கிளப் ஒன்று தொடங்கினார்கள். படைப்பிரிவுகள் இடம் மாறியதும் உறுப்பினர்கள் கரைந்தார்கள். 1878ல் கிளப்பைக் கலைத்தபோது வங்கியில் இருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக வாங்கி, உருக்கி, ஒரு கோப்பை செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். நாகப்பாம்புக் கைப்பிடிகளும் மூடியில் யானையும் கொண்ட அந்தக் கல்கத்தா கோப்பைக்காகத்தான் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் ஆண்டுதோறும் ரக்பியில் மோதுகின்றன. கோப்பை வாழ்கிறது, அதைச் செய்த கிளப் அப்போதே கலைந்துவிட்டது.

மலையில் ஒரு ஷீல்டு

வெளியார் கொண்டுவந்த ஆட்டம் எல்லாமே இப்படித்தான் முடியும் என்று நினைத்தால் அதுவும் தவறு. மூணாறைப் பாருங்கள். 1941ல் ஃபின்லே தேயிலைக் கம்பெனிக் காலத்தில் எஸ்டேட் அணிகளுக்கிடையே ஒரு கால்பந்துப் போட்டி தொடங்கியது. பெயர் ஃபின்லே ஷீல்டு. வெள்ளைக்காரத் துரைகள் போனார்கள். தோட்டங்கள் டாட்டா-ஃபின்லே ஆயின, பிறகு டாட்டா டீ ஆயின, 2005ல் தொழிலாளர்களும் பங்கு வைத்திருக்கும் கண்ணன் தேவன் கம்பெனி ஆயின. பெயர்ப்பலகை இத்தனை முறை மாறியும் ஷீல்டு மாறவில்லை.

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். எஸ்டேட் லயங்களில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள்தான் ஆடுகிறார்கள். எஸ்டேட்டின் பெயர்தான் அணியின் பெயர். பார்க்க வருகிறவர்கள் அதே லயத்து ஆட்கள். பத்து வீடு தள்ளி இருப்பவன் கோல் போட்டால் அது ஆறு மாதத்துக்குப் பேச்சு. பிராங்கோஸ் கிளப்புக்கும் இதற்கும் ஆட்டம்தான் வேறு.

மூணாறிலிருந்து பூப்பாறை வழியாகச் சாந்தன்பாறைக்கு வந்தால் காட்சி மாறுகிறது. இது ஏலக்காய் மலை. தேயிலையைப் போல ஆயிரக்கணக்கான ஏக்கரை ஒரே கம்பெனி ஆளும் அமைப்பு இங்கே இல்லை. சிறிதும் பெரிதுமாகச் சிதறிக் கிடக்கும் தோட்டங்கள். நிழல் மரங்களுக்கு அடியில் செடிகள். லயங்களில் தங்கி வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதே நேரம், தேனி மாவட்டத்திலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் மலையேறி வந்து, சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்கிப் போகிற தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம். வேலை ஓர் இடம், வீடு ஓர் இடம். அணி கட்டத் தேவையான மாலைப் பொழுது ஜீப்பிலேயே கழிந்துவிடுகிறது.

மைதானமும் சிக்கல்தான். சரிவான மலையில் 100 கஜம் சமதரை கிடைப்பது குதிரைக்கொம்பு. 2022ல் அருகிலுள்ள கள்ளிப்பாறையில் நீலக்குறிஞ்சி பூத்தபோது ஆயிரக்கணக்கில் திரண்ட கூட்டம் சாந்தன்பாறையின் பெயரைக் கேரளம் முழுக்கக் கொண்டுபோனது. சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இங்கேயே வளரும் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஓட ஓர் இடம் வேண்டும் என்பது வேறு கணக்கு.

மும்பையில் எடுத்த முடிவு

இப்போது ஏன் இந்தப் பேச்சு? 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழுக் கூட்டம் 2028 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்குக்குப் புதிய ஆட்டங்களைச் சேர்த்தது. கிரிக்கெட் 128 ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக்குக்குத் திரும்புகிறது என்ற மகிழ்ச்சியில், அதே பட்டியலில் இருந்த இன்னொரு பெயர் நம் கண்ணில் படவில்லை. கொடிக் கால்பந்து. அமெரிக்க ஆட்டத்தின் மோதல் இல்லாத வடிவம் அது.

இதில் அணிக்கு ஐந்து பேர். கவசம் கிடையாது. ஆளைப் பிடித்துத் தள்ளக் கூடாது. ஓடுகிறவரின் இடுப்பில் தொங்கும் நாடாவை உருவினால் போதும், ஆட்டம் நிற்கும். மைதானம் 50 கஜ நீளம், 25 கஜ அகலம். இரு முனைகளிலும் பத்துப் பத்து கஜம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பதக்கம். தலையில் படும் தொடர் அடிகளால் மூளை பாதிக்கப்பட்டதாக அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான முன்னாள் ஆட்டக்காரர்கள் வழக்குப் போட்டு என்.எஃப்.எல்லிடம் இழப்பீடு பெற்ற கதையை அறிந்த பெற்றோருக்கு, இந்த வடிவம் நிம்மதி தரும். கவசத்தின் விலை தடுத்த ஏழைப் பிள்ளைகளுக்கும் வழி திறக்கும். சடுகுடுவில் கால் வாங்கி வழுக்கத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு நாடாவைப் பறிகொடுக்காமல் ஓடுவது கைவந்த கலையாக இருக்கக்கூடும்.

2028ல் ஒவ்வொரு பிரிவிலும் ஆறு அணிகளுக்குத்தான் இடம். இந்தியா அங்கே நிற்கும் என்று யாரும் பந்தயம் கட்ட மாட்டார்கள். ஒலிம்பிக் ஆசை காட்டி, நடிகர்களைக் கூப்பிட்டு, இன்னொரு தொலைக்காட்சி லீக் நாளை அறிவிக்கப்பட்டால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. அப்போது கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே மூன்று. அணி எந்த ஊரில் ஆடும்? அதன் சிறுவர் அணி எந்தப் பள்ளி மைதானத்தில் பயிற்சி எடுக்கும்? முதலாளி போய்விட்டால் செலவை யார் ஏற்பார்கள்? வான்டாவிலும் டுசல்டார்ஃபிலும் மூணாறிலும் இந்தக் கேள்விகளுக்கு விடை இருந்தது. 2012ன் இந்திய லீக்கிடம் இல்லை.

சாந்தன்பாறை போன்ற ஊர்களுக்கு இதில் ஒரு அனுகூலம் உண்டு. 100 கஜச் சமதரை தர முடியாத மலை, 70 கஜம் தரக்கூடும். ஒரு பள்ளி மைதானம், இரண்டு பந்து, பத்து நாடா, சாயங்காலம் ஒரு மணி நேரம் ஒதுக்கும் ஓர் உடற்பயிற்சி ஆசிரியர். பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றும் இதே ஏற்பாட்டுக்கு இணங்கினால் முதல் போட்டியை நடத்திவிடலாம். அதற்கு அமெரிக்க முதலீடு தேவைப்படாது. ஜீப் கிளம்பும் நேரத்தை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டியிருக்கும்.